அடுக்களைக்கு ஒரு போன்: வயர் இழுப்பதா, கார்ட்லெஸ் வாங்குவதா?

எங்கள் வீடு கும்பகோணத்துப் பழைய தெருவீடுகளில் ஒன்று. அகலம் குறைவு, நீளம் அதிகம். வாசல் திண்ணையிலிருந்து கொல்லைக் கிணறு வரை நடந்தால் 100 அடிக்குக் குறையாது. லேண்ட்லைன் போன் முன்கூடத்தில், ஜன்னலை ஒட்டிய மர ஸ்டாண்டில் இருக்கிறது. அம்மா பகலில் பாதி நேரம் அடுக்களையில். மணி அடித்ததும் அடுப்பைத் தணித்து, முந்தானையில் கையைத் துடைத்து, முற்றத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் அடித்து ஓய்ந்துவிடும். போனில் எண் தெரியும் வசதி உண்டு. ஆனால் அதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி அடுக்களையில் இருக்கும்.

செல்போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் எப்போதும் சார்ஜில் கிடக்கிறது. அம்மாவுக்கு அதில் பேசினால் பேசியதுபோலவே இல்லை. தவிர, லேண்ட்லைன் எண் 30 வருடத்துக்கு மேல் மாறாமல் இருக்கிறது. அத்தை, சித்தி, மளிகைக் கடை, கேஸ் ஏஜென்சி, குலதெய்வம் கோவில் குருக்கள் என எல்லோருடைய நோட்டிலும் அந்த எண்தான்.

"அடுக்களையில ஒண்ணு வச்சுக் கொடுத்துட்டா ஓடி வர வேண்டாமேப்பா" என்றார் ஒரு நாள். சின்ன வேலைதான். ஆனால் எப்படிச் செய்வது என்று முடிவெடுக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. வயர் இழுத்து இன்னொரு போன் மாட்டலாம். கார்ட்லெஸ் வாங்கலாம். என்றாவது நெட்வொர்க் கேபிள் இழுப்போமே, அப்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாம். இல்லை, சிம் போடும் மேசைப் போன் ஒன்றை வாங்கி வைத்துவிடலாம். நான்குக்கும் ஆதரவாகப் பேச ஆள் இருந்தார்கள்.

லைன் எங்கே தொடங்குகிறது?

எதை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன், உங்கள் வீட்டு போன் லைன் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துவிடுங்கள். பாதி குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

பழைய செம்புக் கம்பி லைன் என்றால், தெருவில் வீட்டுக்கு வீடு லைனைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியிலிருந்து கறுப்பு டிராப் வயர் ஒன்று வீட்டுக்குள் வந்து, சுவரில் அறைந்த சின்ன வெள்ளைப் பெட்டியில் முடியும். லைன்மேன்கள் அதை ரோசெட் என்பார்கள். உள்ளே இரண்டு திருகு, இரண்டு கம்பி, அவ்வளவுதான். ரிசீவர் வைத்திருக்கும்போது அந்த இரண்டு கம்பிக்கும் நடுவே ஏறக்குறைய 48 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். எடுத்துவிட்டால் 10 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். இந்த மின்சாரம் வீட்டு மீட்டர் வழியாக வருவதில்லை. எக்ஸ்சேஞ்சில் அடுக்கி வைத்திருக்கும் பாட்டரிகளிலிருந்து வருகிறது. புயலில் ஊரே இருண்டு கிடந்தாலும் போன் மட்டும் பேசியதற்குக் காரணம் அதுதான்.

எங்கள் வீடு போல ஃபைபருக்கு மாறிய வீடுகளில் கதை வேறு. கண்ணாடி இழை, சுவரில் மாட்டிய பெட்டியோடு முடிந்துவிடுகிறது. கம்பெனி ஆட்கள் அதை ஓஎன்டி என்பார்கள், வீட்டில் எல்லோருக்கும் அது மோடம்தான். அதன் பின்பக்கம் நெட் கேபிள் துளைகளுக்குப் பக்கத்தில், அவற்றைவிடச் சிறியதாக போனுக்கென்று ஒரு துளை இருக்கும். முன்பு எக்ஸ்சேஞ்ச் செய்த வேலையை இப்போது அந்தத் துளை செய்கிறது. டயல் டோன் தருவது, மணி அடிக்க வைப்பது எல்லாம் அங்கிருந்துதான். எக்ஸ்சேஞ்சே நம் கூடத்துச் சுவருக்குக் குடிவந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். லாபம்: அந்தத் துளைக்கு இந்தப் பக்கம் உள்ள வயர் முழுவதும் நம்முடையது. என்ன இழுத்தாலும், எங்கே தப்பாக முறுக்கினாலும் தெருவில் யாருக்கும் லைன் போகாது. லைன்மேனைக் கேட்க வேண்டியதும் இல்லை. நஷ்டம்: கரண்ட் போனால் மோடம் அணையும், மோடம் அணைந்தால் வீட்டில் எத்தனை போன் இருந்தாலும் அத்தனையும் ஊமை. எனவே அடுக்களையில் போன் வைப்பதற்கு முன்பு மோடத்தை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். இன்வெர்ட்டர் இல்லையென்றால் மோடத்துக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று போதும். பெரும்பாலான மோடங்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அடாப்டரின் வயிற்றில் எழுதியிருப்பதைப் பார்த்து அதே வோல்ட்டில் வாங்க வேண்டும்.

ஃபைபர் நுனியை மட்டும் தொடாதீர்கள். வளைத்து ஆணியில் சுற்றுவது, கழற்றிக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்ப்பது எல்லாம் வேண்டாம்.

வயர் இழுப்பது

பேரலல் போன் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இருக்கிற இரண்டு கம்பியிலிருந்தே இன்னும் இரண்டு கம்பியைப் பிரித்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு ரோசெட் வைத்து, அதில் இரண்டாவது போனைச் செருகுவது. இரண்டு போனும் ஒன்றாக மணி அடிக்கும், எதை வேண்டுமானாலும் எடுத்துப் பேசலாம்.

செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முறுக்கிய இரட்டைக் கம்பி தேவையான நீளத்துக்கு, ஒரு ரோசெட், சுவரில் ஒட்டிப்போக பிவிசி கேசிங் பட்டி, ஒரு சாதாரணப் போன். கருவி என்று பார்த்தால் சின்னத் திருப்புளி, வயர் உரிக்கும் கட்டர், முடிந்தால் ஒரு மல்டிமீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினால் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம்.

கடையில் வயர் கேட்கும்போது கொஞ்சம் கவனம். போனோடு வரும் தட்டையான வயரையே நீளமாக வெட்டித் தரச் சொல்லி வாங்கி வந்துவிடுகிறார்கள். அது இரண்டு மூன்று அடிக்குத்தான் சரி. உள்ளே நூலைச் சுற்றி மெல்லிய செம்புத் தகடு சுற்றியிருக்கும். உரித்தால் பிய்ந்து கையோடு வரும், திருகில் நிற்காது. சுவரோடு போகிற வயருக்கு 0.5 மி.மீ. தடிமனுள்ள ஒற்றைக் கம்பி இரண்டு, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போவதுதான் வேண்டும். முறுக்கு அழகுக்கு இல்லை. பக்கத்தில் ஓடும் மின்வயரின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறி, ஒன்றையொன்று அடித்துவிடுவதற்காக.

இங்கே என் பழைய தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் மாடி அறைக்கு இப்படி வயர் இழுத்தபோது, சுவரைக் கொத்தச் சோம்பல்பட்டு, ஃபேன் லைட் வயர் போகும் அதே பைப்பிலேயே போன் வயரையும் விட்டுவிட்டேன். உதவிக்கு வந்த எலக்ட்ரீஷியனும் "ஒண்ணும் ஆகாது சார்" என்றார். போன் வேலை செய்தது. ஆனால் மாடியில் ஃபேன் ரெகுலேட்டரைப் பாதியில் வைத்தால் கீழே பேசிக்கொண்டிருப்பவர் காதில் வண்டு ரீங்காரம். அது தொந்தரவு மட்டும்தான், ஆபத்து வேறு. அந்தப் பைப்புக்குள் என்றாவது ஒரு வயரின் தோல் உரிந்தால் 230 வோல்ட் நேராக ரிசீவருக்கு வரும். போன் வயருக்குத் தனிப் பாதை வேண்டும். மின்வயரைத் தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் குறுக்காக, செங்கோணத்தில் தாண்டட்டும். கூடவே ஓடக்கூடாது.

இன்னொரு தப்பும் உண்டு, அது விரலில் பட்டது. செம்புக் கம்பி லைன் இருந்த காலம். 48 வோல்ட்தானே என்று லைனைக் கழற்றாமலே திருகை முறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து யாரோ கூப்பிட்டார்கள். மணி அடிக்கும்போது எக்ஸ்சேஞ்ச் லைனில் வருவது மாறுமின்சாரம், 70 வோல்ட்டைத் தாண்டும். ஆளைத் தூக்கிப் போடாது, ஆனால் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு வாங்கினால் ஸ்டூலிலிருந்து இறக்கிவிடும். ஃபைபர் வீட்டில் இதற்கு விடை சுலபம்: மோடத்தின் பின்னாலிருந்து போன் வயரைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். செம்பு லைன் வீட்டில் முதல் பெட்டியில் கம்பியைக் கழற்ற முடியவில்லையென்றால், இருக்கிற போனின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டால் மணி வராது.

ரோசெட்டில் கம்பியை மாட்டுவது சின்ன வேலைதான், ஆனால் அதில்தான் முக்கால்வாசிப் பழுது வருகிறது. மேலுறையை ஒன்றரை அங்குலம் உரியுங்கள். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் அரை அங்குலத்துக்கும் குறைவாகத் தோலை எடுங்கள். கட்டரை அழுத்தினால் செம்பில் வெட்டு விழும், வெட்டு விழுந்த கம்பி முறுக்கும்போது ஒடியும். நுனியைத் திருகைச் சுற்றிக் கடிகார முள் போகும் திசையில் வளைத்து முறுக்கினால், திருகு இறுக இறுகக் கம்பியும் உள்ளே இழுபடும். எதிர்த்திசையில் வளைத்தால் கம்பி வெளியே பிதுங்கும். எந்தக் கம்பி எந்தத் திருகுக்கு என்று கவலைப்பட வேண்டாம். இப்போதைய போன்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனாலும் ஒரே நிறத்தை ஒரே பக்கம் போட்டுப் பழகினால், பின்னால் பழுது பார்க்கும்போது நம்மை நாமே திட்டிக்கொள்ள வேண்டியிருக்காது.

இனி இதன் குறைகள். ஒரு போனில் பேசுவதை இன்னொரு போனை எடுத்தவர் முழுவதும் கேட்கலாம். கூட்டுக்குடும்பத்தில் இதனால் வந்த சண்டைகளைத் தனிக் கட்டுரையாக எழுதலாம். இரண்டு பேரும் ஒன்றாக எடுத்துப் பேசினால் குரல் கொஞ்சம் கம்மும். ஏதாவது ஒரு ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் இருந்தால் மொத்த வீடும் எங்கேஜ்டு. எங்கள் பெரியம்மா ஒருமுறை மாடிப் போனை அரைகுறையாக வைத்துவிட்டுத் தூங்கப் போனதில், மறுநாள் மதியம் வரை லைன் கெட்டுப்போச்சு என்று கீழே இருந்தவர்கள் புகார் எழுத உட்கார்ந்துவிட்டார்கள்.

எத்தனை போன் மாட்டலாம்? மோடத்தின் போன் துளைக்கு எக்ஸ்சேஞ்சின் பலம் கிடையாது. இப்போதைய இரண்டு மூன்று போன்களை அடிக்க வைக்கும். உள்ளே நிஜமணி இருக்கும் பழைய டயல் போனை ஆசைக்காகச் சேர்த்தால் மற்றவை முனகத் தொடங்கலாம். அந்தப் போன்களில் மணி அடித்தாலும், வட்டத்தைச் சுழற்றி டயல் செய்வதைப் பல மோடங்கள் புரிந்துகொள்வதில்லை. ஷோகேஸில் வைத்துக்கொள்ளலாம்.

செம்பு லைனிலேயே பிராட்பேண்ட் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு போனுக்கு முன்னாலும், பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் ஃபில்டர் மாட்ட வேண்டும். இல்லையென்றால் பேச்சில் இரைச்சல், நெட்டில் அறுப்பு.

பழைய வயர் கிடந்தால்

பல பழைய வீடுகளில் சுவருக்குள் ஏற்கெனவே ஒரு போன் வயர் தூங்கிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் தாத்தா படுக்கையில் இருந்த காலத்தில் உள்ளறைக்கு ஒரு பேரலல் இழுத்திருந்தார்கள். அந்த அறையிலிருந்து அடுக்களைக்கு ஒரு சுவர்தான் தள்ளி. அதைப் பயன்படுத்த முடிந்தால் முக்கால்வாசித் தூரம் மிச்சம்.

உள்ளறை ரோசெட்டைத் திறந்தேன். மேலே நாலு பூச்சு பெயின்ட் மூடியைச் சுவரோடு ஒட்டியிருந்தது, பிளேடால் கீறித்தான் எடுக்க முடிந்தது. உள்ளே இரண்டு பல்லி முட்டை ஓடு, ஒரு பிடி எறும்பு மண், பச்சை பூத்த திருகுகள். இந்தப் பச்சைதான் மழைக்காலத்தில் போன் கரகரப்பதற்குக் காரணம். ஈரம் ஏறிய சுவரில் செம்பு களிம்பு பிடித்து, தொடுப்பு பாதி விடுகிறது, பாதி பிடிக்கிறது. நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக உரித்தால், உள்ளே கம்பி புது வளையல்போல் மின்னியது. இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கிவிட்டு, கூடத்துப் பக்கம் மல்டிமீட்டரில் ஓசை வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. வயர் உயிரோடு இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது மோடத்தின் போன் துளையிலிருந்து ஒரு சின்ன வயரைக் கூடத்துப் பழைய ரோசெட்டுக்குக் கொண்டுபோய்ச் செருகுவதுதான். அப்போது வீட்டிலுள்ள பழைய வயர் எல்லாவற்றிலும் புது லைன் ஓடும். ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் உண்டு, இதை மறந்தால் மோடம் பலியாகும். தெருவிலிருந்து வரும் பழைய டிராப் வயர் அந்த ரோசெட்டில் இன்னும் மாட்டியிருக்கும். அதை முதலில் கழற்றி, நுனிகளைத் தனித்தனியே டேப் சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். எக்ஸ்சேஞ்ச் பக்கம் இன்னும் உயிரோடு இருந்தால் இரண்டு பக்கத்து மின்சாரமும் முட்டிக்கொள்ளும். அது செத்துப் போயிருந்தாலும், கம்பத்தில் தொங்கும் அந்த நீள உலோகம் ஐப்பசி இடிமழையில் என்ன கொண்டு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபைபர் போட்டதில் கிடைத்த நல்ல விஷயமே தெருவில் தொங்கும் செம்போடு நமக்கு உறவு அறுந்ததுதான். அதை நாமே திரும்ப ஒட்டவைக்கக் கூடாது.

கார்ட்லெஸ்

"இந்தக் காலத்துல யாராவது வயர் இழுப்பாங்களா? ஒரு கார்ட்லெஸ் வாங்கிப் போடு" என்றான் தம்பி. சொன்னது தப்பில்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ஆகும், இரண்டு ஹேண்ட்செட் சேர்ந்து வருவதென்றால் இன்னும் கூட. ஆனால் சுவரைத் தொட வேண்டாம். பேஸை, அதாவது லைன் வந்து சேரும் அடிப்பெட்டியை, மோடத்துக்குப் பக்கத்தில் வைத்து, வயரைச் செருகி, இரண்டாவது ஹேண்ட்செட்டின் சார்ஜரை அடுக்களையில் மாட்டினால் முடிந்தது. ஒரே பேஸில் நாலைந்து ஹேண்ட்செட் வரை சேர்த்துக்கொள்ளும் மாடல்களும் உண்டு. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு இன்டர்காம் போலப் பேசலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், யோசிக்கவே வேண்டாம். கொல்லையில் தனியாக இருக்கும் மோட்டார் ரூம், தோட்டத்து வீடு போன்றவற்றுக்கும் இதுதான் நல்லது. இரண்டு கட்டடத்துக்கு நடுவே வெட்டவெளியில் போன் வயரைத் தொங்கவிடுவது இடிக்கு வெற்றிலை பாக்கு வைப்பது மாதிரி.

தூரம் எவ்வளவு எட்டும்? பெட்டியில் 300 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது வெட்டவெளிக் கணக்கு. வீட்டுக்குள் 50 மீட்டர் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும், அதிலும் சுவர் என்ன சுவர் என்பதைப் பொறுத்தது. எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம், சுண்ணாம்புக் காரைச் சுவர். நண்பர் வீட்டிலிருந்து ஒரு செட்டை இரவல் வாங்கிவந்து பார்த்தேன். கூடத்தில் பேஸ், அடுக்களையில் ஹேண்ட்செட். முற்றத்துக் கதவு திறந்திருந்தால் தெளிவாகக் கேட்டது. அடுக்களைக் கதவையும் சாத்தினால் வார்த்தைக்கு வார்த்தை விழுங்கியது. உங்கள் வீடு புது கான்கிரீட் வீடு, தடுப்புச்சுவர் நாலரை அங்குலம் என்றால் இந்தச் சிக்கலே வராது. இப்படி இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

கார்ட்லெஸ் பேஸுக்கும் தனியாகக் கரண்ட் வேண்டும். மோடத்தை இன்வெர்ட்டரில் போட்டுவிட்டு இதை மறந்துவிட்டால் மின்வெட்டில் பயனில்லை. உள்ளே இருக்கும் சின்ன ரீசார்ஜ் பாட்டரிகளும் சில வருடங்களில் தளர்ந்துவிடும். அதே அளவு ரீசார்ஜ் பாட்டரி கடையில் கிடைக்கும். டார்ச்சுக்குப் போடும் சாதாரணப் பாட்டரியைப் போட்டுச் சார்ஜில் வைத்துவிடாதீர்கள், ஒழுகும்.

ஆனால் என்னைத் தயங்க வைத்தது இதெல்லாம் இல்லை. இரவல் செட் இருந்த இரண்டு நாளில் அம்மா என்ன செய்தார் என்று பார்த்தேன். மணி அடித்தது, எடுத்தார், காதில் வைத்தார், "அலோ அலோ" என்றார். சார்ஜரிலிருந்து தூக்கியதுமே லைன் வந்துவிடும்படி அந்தச் செட்டில் வைக்கலாம், நான் வைத்தும் இருந்தேன். ஆனால் அது சார்ஜரில் இருந்தால்தானே? அம்மா அதை அரிசி டப்பா மேல் வைத்திருந்தார். அங்கிருந்து எடுத்தால் பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். பேசி முடித்து, அழுத்தாமல் டப்பா மேல் கவிழ்த்து வைத்தார். லைன் திறந்தே கிடந்தது. எடுத்தால் பேசலாம், வைத்தால் தீர்ந்தது என்று 40 வருடமாகப் பழகிய கை. இரண்டாம் நாள் சாயங்காலம் ஹேண்ட்செட்டையே காணோம். நல்லவேளை, பேஸில் தேடும் பட்டன் இருந்தது. கறிவேப்பிலைக் கூடைக்குள்ளிருந்து கூவியது.

நெட்வொர்க் கேபிள், சிம் போன்

வீடு கட்டிக்கொண்டிருந்தால், அல்லது ஒயரிங்கை மொத்தமாக மாற்றப்போகிறீர்கள் என்றால், தனியாக போன் வயர் இழுக்காதீர்கள். மோடம் வரப்போகும் இடத்திலிருந்து ஒவ்வோர் அறைக்கும் கேட்-6 என்ற நெட்வொர்க் கேபிள் ஒன்றை, மின்வயருக்குச் சம்பந்தமில்லாத தனி பைப்பில் இழுத்துவிடுங்கள். அதற்குள் முறுக்கிய ஜோடி நாலு இருக்கும். நடுவே உள்ள நீல ஜோடி ஒன்றே போனுக்குப் போதும். இன்று போன், நாளை டிவி, மறுநாள் கேமரா என்று எதற்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரே கேபிளில் இரண்டையும் ஓட்ட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. 100 எம்பிபிஎஸ் வேகத்து நெட்டுக்கு ஆரஞ்சு, பச்சை என்று இரண்டு ஜோடி போதும். நீலம் சும்மா இருக்கும், அதில் போனை ஓட்டலாம். ஜிகாபிட் வேகத்துக்கு நாலு ஜோடியும் வேண்டும், அப்போது போனுக்கு இடமில்லை. எனக்கு இந்தச் சிக்கனம் பிடிக்கவில்லை. நாலு வருடம் கழித்து யாரோ ஒருவர் சுவரிலுள்ள துளையைப் பார்த்து லேப்டாப்பைச் செருகுவார், அந்த நேரம் மணி அடிக்கும் மின்சாரம் லேப்டாப்புக்குள் போகும். போனுக்கு ஒரு கேபிள், நெட்டுக்கு ஒரு கேபிள், துளைக்குப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு எழுத்து. போன் பின்னை நெட் துளையில் செருகினால் போகத்தான் போகும், நடுக் கம்பிகள் பொருந்தவும் செய்யும். ஆனால் ஓரத்துக் கம்பிகளை அது அழுத்தி வளைத்துவிடக்கூடும். போனுக்கு போன் துளையே வையுங்கள்.

ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டில் ஒரு போனுக்காக இதைச் செய்வது கொசுவுக்குப் பீரங்கி.

சிம் மேசைப் போன் பார்க்க லேண்ட்லைன் போலவே இருக்கும், எடுத்தால் பேசலாம், வைத்தால் தீர்ந்தது. அம்மாவின் கைக்கு அது ஒத்துவரும். பாட்டரி உள்ளே இருப்பதால் மின்வெட்டிலும் பேசும். ஆனால் எண் வேறு. குருக்களின் நோட்டில் இருக்கும் எண்ணுக்கு அது அடிக்காது. எண் முக்கியமில்லை என்பவர்கள் தாராளமாக வாங்கலாம், எந்த சிம் போடப்போகிறோமோ அதற்கு ஒத்துவருமா என்று மட்டும் பார்த்துக்கொண்டு. ஜியோ போன்ற 2ஜி இல்லாத சேவைக்கு 4ஜியில் பேசக்கூடிய செட்டாக இருக்க வேண்டும். லேண்ட்லைன் அழைப்பைச் செல்போனிலேயே எடுக்க உதவும் செயலிகளையும் சில நிறுவனங்கள் தருகின்றன. எனக்கும் தம்பிக்கும் அது சரிப்படும். யாருக்காக இத்தனையும் பார்க்கிறோமோ அவருக்கு ஆகாது.

நான் செய்தது

கடைசியில் வயர்தான். சுவருக்குள் உள்ளறை வரை நல்ல வயர் ஏற்கெனவே கிடந்ததுதான் தராசைச் சாய்த்தது. அது இல்லாமல், கூடத்திலிருந்து அடுக்களை வரை முழுவதும் கேசிங் பட்டி அடிக்க வேண்டியிருந்தால், அம்மாவைப் பச்சைப் பட்டனுக்குப் பழக்கியிருப்பேன்.

டிராப் வயரைக் கழற்றி ஒதுக்கினேன். கூடத்து ரோசெட்டையும் உள்ளறை ரோசெட்டையும் புதிதாக மாற்றினேன், பழையதைச் சுத்தம் செய்து போடும் சிக்கனம் இதில் வேண்டாம். உள்ளறையிலிருந்து கதவு நிலைக்கு மேலாகப் பட்டி அடித்து அடுக்களைக்குள் வந்தேன். மேடைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் எட்டாத இடம், தோள் உயரம், அடுப்பிலிருந்து நாலடி தள்ளி. ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் ரோசெட்டுக்கு ஆகாது என்பதால் வயர் நுழையும் வாயைக் கீழ்ப்பக்கமாக வைத்தேன். சுவரில் மாட்டக்கூடிய போனாக வாங்கினேன், மேடையில் வைத்தால் ஒரு வாரத்தில் தோசைமாவு குடித்துவிடும்.

பிறகு சோதனை. மோடத்தில் வயரைச் செருகி, அடுக்களைப் போனை எடுத்து டயல் டோன் கேட்டேன். செல்போனிலிருந்து கூப்பிட்டு இரண்டும் அடிக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றில் எடுத்ததும் மற்றது நிற்கிறதா, மிக்ஸி ஓடும்போது காதில் இரைச்சல் ஏறுகிறதா என்றும் பார்த்தேன். மிக்ஸி சத்தம் காதில் கேட்டது, ஆனால் அது வயர் வழியாக வந்ததில்லை. எண்களை நினைவில் போட்டு வைக்கும்போது செல்போன் எண்களுக்கு முன்னால் 0 சேர்த்துப் போட்டேன். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்லுக்குக் கூப்பிட அது கட்டாயம். பழைய போனில் சேர்க்காமல் விட்ட எண்கள் இன்னும் கிடக்கின்றன, அம்மா அவற்றை அமுக்கிவிட்டு "சித்தி எடுக்கவே மாட்டேங்கிறா" என்பார்.

இப்போது மூன்றாவது மணிக்குள் எடுத்துவிடுகிறார். ஆனால் எடுத்து, யாரென்று கேட்டு, அத்தை என்று தெரிந்தால், "இரு, இங்க குக்கர் கத்துது, முன்னாடி வந்து பேசறேன்" என்று ரிசீவரை மேடையில் படுக்க வைத்துவிட்டுக் கூடத்துக்கு நடக்கிறார். அங்கே நாற்காலி இருக்கிறது. லைன் அறாமல் அங்கே எடுத்துப் பேச்சைத் தொடர்கிறார். முக்கால் மணி நேரம் கழித்து கூடத்து ரிசீவரை வைக்கிறார். அடுக்களையில் இருப்பதை வைக்க மறந்துவிடுகிறார்.